கடைசிக்கு முந்தின அசை

பேட்டை, திருநெல்வேலி
6 ஆகஸ்ட் 2023

ரோசம்மாளுக்கு,

இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று பட்டதால் எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டாயிற்று. அம்மாவின் கல்லறையைச் சாமியார் மந்திரித்த அன்று நான் ஊருக்கு வந்திருந்தபோது உனக்குத் தலைசுற்றல் என்று யாரோ சொன்னார்கள். இப்போது எப்படி இருக்கிறது?

எனக்கு அடுத்த வீட்டில் சங்கரி என்றொரு பெண் இருக்கிறாள். லேத்துப் பட்டறைக்காரர் மனைவி. நாலைந்து மாதமாகப் பாளையங்கோட்டையில் கன்னியர் நடத்தும் நிலையத்துக்கு இத்தாலி மொழி படிக்கப் போகிறாள். போன வாரம் அவளாகவே சொன்னாள்: "அங்கன எங்க கூட ரோசம்மாள்னு ஒரு அக்கா படிக்காவ சார். கூடுதாழைக்காரவ. அவுக அண்ணன் இத்தாலிக்கே போய்ச் சாமிக்குப் படிச்சவராம்." அந்த அண்ணன் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அந்த நிலையத்தில் இத்தாலி சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டபோது முதலில் விண்ணப்பம் போட்டவன் நான். இத்தாலியில் குருமடத்தில் நாலு வருஷம் இருந்தவன். வேண்டாம் என்றுகூடப் பதில் வரவில்லை. பெங்களூரில் ஆறு மாதம் படித்த சிஸ்டர் ஜெசிந்தாவை உட்கார வைத்தார்கள். இப்போது என் கூடப்பிறந்தவளே அவர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

உன்னை அங்கே சேர்த்தது யார்? நான் உன் அண்ணன் என்று அவர்களுக்குத் தெரியுமா? என்னைப் பற்றி என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய்? போனில் கேட்டால் என்ன என்பாய். உன் போனில் நான் பேசினால் ஸ்பீக்கரில் தெருவே கேட்கும். எழுது.

இப்படிக்கு,
மார்ட்டின்


கூடுதாழை
20 ஆகஸ்ட் 2023

சேசுவுக்கே ஸ்தோத்திரம்.

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை ரோசம்மாள் எழுதுவது. மாதா கிருபையால் நல்லாயிருக்கிறேன். உங்கள் மூச்சு இழுப்பு எப்படி இருக்கிறது? பட்டறைத் தூசியில் கதவைத் திறந்து போட்டுத் தூங்காதீர்கள். எனக்குத் தலைசுற்றல் காலையில் வெறும் வயிற்றில் மட்டும்தான். ஒரு வாய் கட்டன்காப்பி குடித்தால் நின்றுவிடும்.

என்னை யாரும் சேர்க்கவில்லை அண்ணே. நானாகத்தான் போனேன். உங்களுக்குச் சொன்னால் மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை. அது தப்பு என்றால் தப்புதான்.

அனிஷா இத்தாலியில் தெர்னி என்கிற ஊரில் நர்சாக வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். அவள் இப்போது முழுகாமல் இருக்கிறாள். மாசி கடைசியில், இல்லாவிட்டால் பங்குனி முதலில் பிரசவம். மாப்பிள்ளை கப்பலில். அந்த நேரத்துக்கு இறங்க முடியாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவருக்குத் தாய் இல்லை. என் பிள்ளை அந்த ஊரில் ஒத்தையில் கிடக்கும். அவளைப் பார்க்கப் போகிறேன் என்று போன வருஷமே இரண்டு தரம் விசா கேட்டேன், இரண்டு தரமும் இல்லை என்றுவிட்டார்கள். வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு என்றால் விசா கொடுக்கிறார்கள். நிலையத்தில் தைமாசம் பேச்சுப் பரீட்சை வைப்பார்கள். அதில் தேறினால் பிப்ரவரியில் ஏற்றி விடுவார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்களைப் பற்றி அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் அண்ணன் அங்கே படித்தவர் என்று பெருமைக்கு நான்தான் சொன்னேன்.

சிஸ்டர் நல்லவர்தான். ஆனால் நான் வாயைத் திறந்தால், "கோவில் மணி அடிச்ச மாதிரி எல்லா எழுத்தையும் ஒரே மட்டமா அடிக்கியளே ரோசம்மா" என்கிறார். எங்கே தூக்க, எங்கே இறக்க என்று எனக்குப் புரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நீங்கள் சொல்லித்தந்தால் வரும். தருவீர்களா?

உங்கள் தங்கை,
ரோசம்மாள்


பேட்டை
3 செப்டம்பர் 2023

ரோசம்மாளுக்கு,

நலம். உன் நலமும் கட்டன்காப்பியால் தீராது, ஒரு டாக்டரிடம் காட்டு.

அனிஷா விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை. குடும்பத்தில் நடப்பதைக் கடைசியாகக் கேட்கிறவன் நான்தான் என்பது பழகிவிட்டது. போகட்டும். உன் பரீட்சை என் விண்ணப்பம் மாதிரி ஆகக்கூடாது.

சொல்வதைக் கவனமாகப் படி. ஒவ்வொரு சொல்லையும் அசை அசையாகப் பிரிக்கிறேன். எந்த அசையில் அழுத்த வேண்டுமோ அதற்கு முன்னால் ஒரு கீறல் போடுகிறேன். தமிழில் நாம் எந்த இடத்திலும் அழுத்துவதில்லை. எல்லா அசைக்கும் ஒரே மரியாதை. இத்தாலிக்காரன் ஒரு சொல்லில் ஒரே அசைக்குத்தான் முழு மரியாதை கொடுப்பான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் நடந்து வரும்.

பெரும்பாலும் அந்த அசை கடைசிக்கு முந்தினது. பா-'ரோ-லா என்றால் சொல். மெ-தி-'சீ-நா என்றால் மருந்து. அழுத்துகிற அசையைக் கொஞ்சம் நீட்டவும் வேண்டும். கத்த வேண்டாம்.

ஒற்றை மெய் வந்தால் அடுத்த உயிரோடு போகும். இரட்டித்து வந்தால் நடுவில் உடையும்: 'நோத்-தே, இரவு. இதில் நமக்கு ஆதாயம். 'பாடு' வேறு 'பாட்டு' வேறு என்று பிறந்ததிலிருந்து காதுக்குத் தெரியும். என்னோடு இருந்த அயர்லாந்துக்காரன் கடைசிவரை தாத்தாவையும் ஒன்பதாம் ஆளையும் ஒரே மாதிரிக் கூப்பிட்டான். தாத்தா 'நோன்-நோ. ஒன்பதாவது 'நோ-நோ.

ஆனால் ஸகரம் இன்னொரு மெய்யோடு வந்தால் நாம் தவறுவோம். சன்னலை ஃபி-நெஸ்-த்ரா என்று உடைக்காதே. ஃபி-'நெ-ஸ்த்ரா. ஸகரம் எப்போதும் பின்னால் வருகிறவனோடுதான் சேரும்.

ஒரு நிபந்தனை. இந்தக் கடிதங்களை யாருக்கும் காட்டக்கூடாது. சிஸ்டருக்குக் கூடவே கூடாது. என் பாடத்தை வைத்து அவர் பேர் வாங்குவார். கவரின் மடிப்பில் பசை தடவி என் கையெழுத்தைக் குறுக்கே போட்டிருக்கிறேன். அது பிரிந்திருந்தால் எனக்கு எழுது.

குளிர் ஒத்துக்கொள்ளாமல்தான் நான் திரும்பி வந்தேன். நீ கம்பளிக்கு இப்போதே ஏற்பாடு செய்.

மார்ட்டின்


கூடுதாழை
1 அக்டோபர் 2023

சேசுவுக்கே ஸ்தோத்திரம்.

அன்புள்ள அண்ணனுக்கு, நான் நலம். உங்கள் நலத்துக்கு அந்தோனியாரிடம் வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நெத்திலிப் பாடு நன்றாக இருந்ததால் காலையும் மாலையும் ஏலத்துக்கு ஓட வேண்டியிருந்தது. கவர் பிரியவில்லை. நீங்கள் தடவின பசைக்கு அதைத் திறக்க அரிவாள்மணைதான் வேண்டியிருந்தது.

பாடம் மண்டையில் ஏறிவிட்டது அண்ணே. எப்படி ஏறிற்று என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஏலம் கூறுகிற வியாகுலம் அண்ணன் விலை சொல்லும்போது கேட்டிருக்கிறீர்களா? எல்லா எழுத்தையும் உருட்டிக்கொண்டே வந்து, கடைசிக்கு முந்தி ஓர் இடத்தில் இழுத்து நிற்பார். அப்புறம் பொத்தென்று விழும். அந்த இழுப்பில்தான் நாங்கள் எங்கள் விலையைச் சொல்லிக் கேள்வி கேட்போம். அதே இழுப்பில் பா-'ரோ-லா சொல்லிப் பார்த்தேன். வந்துவிட்டது.

கூடை முன்னால் நின்று முணுமுணுத்ததை அவர் பார்த்துவிட்டார்.

"ஏட்டி ரோசா, என்ன வாய்க்குள்ளயே ஓதுத? கேள்வி கேக்கியா, செபம் சொல்லுதியா?"

"'நோத்-தே அண்ணாச்சி. ராத்திரின்னு அர்த்தம்."

"நல்லதுட்டி. ராத்திரியே வந்து வாங்கிக்க. மீனு அதுவரைக்கும் ஒனக்காவக் காத்துக் கெடக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று நெத்திலி வேறு ஆளுக்குப் போய்விட்டது.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், அன்றைக்கு அடுத்த நாள் ஏலத்தில் நின்றுகொண்டிருக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம்தான். திசையன்விளை டாக்டர் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். யாருக்கும் சொல்ல வேண்டாம்.

அடுத்த பாடம் அனுப்புங்கள். எல்லாச் சொல்லும் கடைசிக்கு முந்தித்தானா? சிஸ்டர் சிலதை வேறு மாதிரி சொல்கிறார்.

தங்கை,
ரோசம்மாள்


பேட்டை
8 அக்டோபர் 2023

ரோசம்மாளுக்கு,

நலம். மாத்திரையை விடாமல் சாப்பிடு. தலைசுற்றினால் தேதியைக் குறித்து வை. டாக்டரிடம் சொல்ல உதவும்.

ஒன்று கேட்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம் சங்கரி பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். ஃபி-'நெ-ஸ்த்ரா. சரியான இடத்தில் உடைத்தாள். பெங்களூர்ப் படிப்பில் அது வராது. அவளுக்கு எங்கிருந்து வந்தது? நான் ஒன்றும் குற்றம் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

இந்த முறை வழி விலகிய சொற்கள். சிலவற்றில் அழுத்தம் இன்னும் ஓர் அசை முன்னால் போய்விடும். அவற்றுக்கு விதி கிடையாது, மனப்பாடம்தான். 'மெ-தி-கோ, மருத்துவர். 'தா-வோ-லா, மேசை. 'சூ-பி-தோ, உடனே. சிலவற்றில் கடைசி அசையிலேயே விழும். அவற்றின் தலையில் அவர்களே ஒரு கோடு போட்டிருப்பார்கள்: காஃப்-'ஃபே, சித்-'தா. காப்பி, நகரம்.

கிழவிகளுக்குக் காப்பி கொடுக்கும்போது தேவைப்படும் சொல் ஒன்று: ட்ஸுக்-'கெ-ரோ, சர்க்கரை. இதை நன்றாகப் பதிய வை. யார் வேறு மாதிரி சொன்னாலும் மாற்றாதே.

மார்ட்டின்


கூடுதாழை
12 நவம்பர் 2023

சேசுவுக்கே ஸ்தோத்திரம்.

அன்புள்ள அண்ணனுக்கு, நான் நலம், உங்கள் நலம் அறிய ஆவல். மழை விடாமல் பெய்கிறதே, வீடு ஒழுகுகிறதா?

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சங்கரிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மத்தியானம் சோறு தின்கிற நேரத்தில் அவள் பக்கத்தில் உட்காருவாள். நான் முணுமுணுப்பதைக் கேட்டு, "யக்கா, எனக்கும் சொல்லுங்க" என்றாள். கடிதத்தைக் காட்டவில்லை, வாயால்தான் சொன்னேன். அது காட்டினதாகாது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் மாதிரிப் பரீட்சை. எல்லாம் நன்றாகப் போனது. கடைசியில் காப்பி போடுகிற மாதிரிப் பேசச் சொன்னார் சிஸ்டர். நான் ட்ஸுக்-'கெ-ரோ என்றேன். "இல்ல ரோசம்மா, முதல் அசையில அழுத்தணும்" என்றார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். "எங்க அண்ணன் அங்கன நாலு வருசம் இருந்தவுக சிஸ்டர். அவுக தப்பா எழுத மாட்டாவ" என்றேன். சிஸ்டர் போனில் ஓர் இத்தாலிக்காரி சொல்வதைப் போட்டுக் காட்டினார். முதல் அசைதான். இரண்டு தரம் போட்டார். வகுப்பே சிரித்தது. அப்போதும் நான் விடவில்லை. "ஊருக்கு ஊரு பேச்சு மாறும்லா சிஸ்டர், எங்க அண்ணன் இருந்த ஊருல இப்படிச் சொல்லுவாவளாயிருக்கும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மார்க்கைக் குறைத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் வந்த சங்கரியும் அதையே சொல்லி அவளுக்கும் போயிற்று.

எழுதும்போது கை தவறியிருக்கும் அண்ணே. மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். சரியானதை ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் கையால் எழுதினால்தான் எனக்கு மாறும்.

அனிஷாவுக்குக் கால் வீக்கம். தினமும் ராத்திரி போனில் அழுகிறாள்.

ரோசம்மாள்


பேட்டை
19 நவம்பர் 2023

ரோசம்மாளுக்கு,

நலம். கை தவறவில்லை.

அந்தக் கீறலைத் தெரிந்தேதான் தப்பான இடத்தில் போட்டேன். அதைக் கேட்ட காதுகள் எத்தனை என்று பார்க்க வேண்டியிருந்தது. உன் கடிதம் வருவதற்கு முன்பே சங்கரி வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது எனக்குக் கேட்டுவிட்டது. நான் வேண்டுமென்று கெடுத்து வைத்த சொல் அது. உலகத்தில் வேறு எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என்னிடமிருந்து உனக்கு, உன்னிடமிருந்து அவளுக்கு. வழி தெரிந்துவிட்டது.

வாயால் சொன்னால் காட்டினதாகாதாம். இப்படித்தான் எல்லோரும் எனக்குச் செய்தார்கள். யாரும் நேராகக் குத்தவில்லை. வாயால் சொன்னார்கள், அவ்வளவுதான்.

'ட்ஸுக்-கெ-ரோ. முதல் அசை. இனிப் பாடம் இல்லை. உனக்கு வேண்டியது உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. வேண்டாதவர்களுக்கும் சேர்ந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மார்ட்டின்


கூடுதாழை
10 டிசம்பர் 2023

சேசுவுக்கே ஸ்தோத்திரம்.

அண்ணனுக்கு, நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மூன்று வாரமாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். யார்கிட்டயாவது சொன்னியா என்று ஒரு வரி கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். கேட்டீர்கள்தான். எனக்குத்தான் சொல்லப் பயமாக இருந்தது. ஆனால் அதற்காக என் பரீட்சையில் கண்ணி வைப்பீர்கள் என்று நினைக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் உங்களுக்காக நின்றேனே, அதுதான் ஆறவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஒரு சேதி. எனக்கு இடம் குறித்துவிட்டார்கள். பரீட்சையில் தேறினால் வித்தெர்போ. நீங்கள் படித்த ஊர்தானே? அங்கே எண்பத்தேழு வயசு அம்மா ஒருவர், மாத்தில்தே என்று பெயர். நடக்க முடியாது, ஆனால் வாய் ஓயாது. வீடு உங்கள் குருமடத்துக்குப் பின்தெருவிலாம். தெர்னிக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று அனிஷா சொல்கிறாள். வாரத்தில் ஒரு நாள் லீவு. பிரசவத்துக்கு மூன்று நாள் சேர்த்து விடுவதாக அந்த அம்மாவே வீடியோவில் சொன்னார். அனிஷாவிடம் சொன்னேன். நாலு மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

அண்ணே, இன்னொன்று. நீங்கள் அங்கிருந்து பாதியில் ஏன் வந்தீர்கள் என்று அப்பா கேட்கவில்லை, அம்மா சாகிறவரை கேட்கவில்லை. ஊரில் ரோம் சாமி என்று கேலி பேசினவர்களோடு நான் சண்டைதான் போட்டிருக்கிறேன், உங்களிடம் வந்து கேட்டதில்லை. அங்கே போயும் யாரிடமும் கேட்க மாட்டேன். அதற்குப் பயந்து என்னைப் போகாதே என்று சொல்லிவிடாதீர்கள்.

தங்கை,
ரோசம்மாள்


பேட்டை
17 டிசம்பர் 2023

அன்புத் தங்கை ரோசம்மாளுக்கு,

நலம். உன் நலமும் அனிஷா நலமும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன்.

முந்தின கடிதத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்னவோ. நடந்தது நடந்தது. இத்துடன் நாற்பது சொற்களுக்கு மேல் அசை பிரித்து அனுப்பியிருக்கிறேன். எல்லாம் சரியானவை. சங்கரிக்கும் சொல்லிக்கொடு, பரவாயில்லை.

எனக்கு எதற்குப் பயம்? குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, வந்தேன். அதை யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் வித்தெர்போ உனக்கு ஏற்ற ஊர் இல்லை. படிக்கட்டுகள் அதிகம். தெரு முழுக்கக் கருங்கல் பாவியது, வழுக்கும். வேறு ஊர் கேட்டுப் பார். தெர்னியிலேயே கிழவிகள் இல்லாமலா போனார்கள்?

அந்த அம்மாவின் முழுப்பெயர் என்ன? உடன்பிறந்தவர்கள் யாராவது சாமியாராக இருக்கிறார்களா? தெரிந்தால் எழுது. அந்த ஊரில் யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று உனக்குச் சொல்ல முடியும்.

முக்கியமாக உன் உடம்பைப் பற்றி விவரமாக எழுது. தலைசுற்றல் இப்போதும் வருகிறதா? விழுந்தாயா? எங்கே, யார் பார்த்தார்கள்? நிலையத்து டாக்டர் பரிசோதித்தபோது என்ன சொன்னாய், எதைச் சொல்லவில்லை? தூர தேசத்துக்குப் போகிறாய். உனக்கு ஒன்று என்றால் பொறுப்பு எனக்குத்தானே. ஒன்றையும் மறைக்காதே.

உன் பிரியமுள்ள அண்ணன்,
மார்ட்டின்


கூடுதாழை
21 ஜனவரி 2024

சேசுவுக்கே ஸ்தோத்திரம்.

அன்புள்ள அண்ணனுக்கு,

தேறிவிட்டேன்! உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அனிஷாவுக்குப் போன் போட்டாயிற்று, அது கணக்கில்லை. ரோமிலிருந்து ஓர் அம்மா கம்ப்யூட்டரில் வந்து கேள்வி கேட்டார். அவர் கேட்கக் கேட்க வியாகுலம் அண்ணன் குரல் என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் சிஸ்டர் ஜெசிந்தா என்னைக் கட்டிக்கொண்டு, "அடுத்த செட்டுக்கு உங்க அண்ணனைக் கூட்டிட்டு வாங்க, நான் அவர்ட்டப் பேசணும்" என்றார். சங்கரியும் தேறிவிட்டாள். நீங்கள் அனுப்பின நாற்பது சொல்லில் பதினைந்து சொல்லாவது பரீட்சையில் வந்திருக்கும்.

உங்கள் போன கடிதம் வந்த அன்று எனக்கு அழுகை வந்தது. அண்ணன் பழையபடி ஆகிவிட்டார் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். நீங்கள் கேட்டதையெல்லாம் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

கிறிஸ்மஸ் பூசைக்குப் போனபோது கோவில் படியில் விழுந்துவிட்டேன். கொஞ்ச நேரம் நினைவு இல்லை. வியாகுலம் அண்ணன் மனைவியும் உபதேசியாரும் பார்த்தார்கள், சோடா கொடுத்தார்கள். நிலையத்து டாக்டரிடம் ரத்தக் குறைவு என்று மட்டும் சொன்னேன், விழுந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்கள் அண்ணே. மாத்திரை சாப்பிடுகிறேன், அதற்குப் பிறகு வரவில்லை. திசையன்விளை டாக்டரும் பயப்பட ஒன்றுமில்லை, ஈரல் தின்று, முருங்கைக்கீரை தின்று ரத்தத்தை ஏற்று என்றுதான் சொல்கிறார்.

ஊரை மாற்ற முடியாதாம். மாத்தில்தே அம்மாவுக்கு ஓர் அண்ணன் உண்டு. சாமியார்தான், பெயர் தோன் எத்தோரே. தொண்ணூறு வயசு தாண்டியவர், சாயங்காலம் தங்கை வீட்டுக்கு வந்து உட்காருவாராம். போன வாரம் வீடியோவில் அவரும் இருந்தார். என் அண்ணன் இங்கேதான் படித்தார் என்று நான் உங்கள் பெயரைச் சொன்னேன். "மார்-'தீ-நோ" என்றார், நீங்கள் சொல்லித்தந்த மாதிரியே கடைசிக்கு முந்தின அசையில் அழுத்தி. உடனே நினைவு வந்துவிட்டது அவருக்கு. குளிர் ஒத்துக்கொள்ளாமல் வந்துவிட்டார் என்றேன். "குளிரா?" என்றார். அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை.

பிப்ரவரி பதினாறாம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம். அதற்கு முன்னால் ஒரு நாள் பேட்டைக்கு வந்து உங்களைப் பார்த்து ஆசீர் வாங்கிக்கொண்டு போகிறேன். என்ன வேண்டும் என்று எழுதுங்கள், சாளைக் கருவாடு கொண்டுவரவா?

உங்கள் அன்புத் தங்கை,
ரோசம்மாள்


28 ஜனவரி 2024

மொழிப் பயிற்சி நிலையத்தின் தலைமைச் சகோதரி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் மற்றச் சகோதரிகளும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன்.

தங்கள் நிலையத்தின் நற்பெயரில் அக்கறை உள்ளவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பிப்ரவரியில் இத்தாலிக்கு அனுப்பப்பட இருக்கும் கூடுதாழை ரோசம்மாள் என்பவருக்கு நினைவு தப்பி விழும் நோய் உண்டு. தங்கள் மருத்துவரிடம் அதை மறைத்திருக்கிறார். கடந்த செப்டம்பர் கடைசியில் மீன் ஏலத்தில் நின்றபோது கண் இருண்டு உட்கார்ந்தார். கிறிஸ்மஸ் இரவில் கோவில் படியில் நினைவிழந்து விழுந்தார். பார்த்தவர்கள் ஏலம் கூறும் வியாகுலத்தின் மனைவியும் உபதேசியாரும். திசையன்விளையில் மருத்துவம் பார்க்கிறார். விசாரித்தால் தெரியும்.

அவர் பார்த்துக்கொள்ளப் போவது நடக்க முடியாத ஒரு மூதாட்டியை. அந்த மூதாட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கும்போது இவர் விழுந்தால் யார் பதில் சொல்வது? வித்தெர்போவில் படிகள் அதிகம்.

அவருடைய இத்தாலி உச்சரிப்பைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அசைகளை அவர் போலப் பிரித்து அழுத்தத் தங்கள் நிலையத்தில் வேறு எவருக்கும் வராது. சொல்லிக்கொடுத்தவர் யாரோ தெரியவில்லை, முறையாகக் கற்றவராக இருக்க வேண்டும்.

அவருக்கு அங்கே ஒரு மகள் இருப்பதும், அவளுக்குப் பிரசவ காலம் நெருங்குவதும் எனக்குத் தெரியும். அதை நினைத்து நாலு நாள் இதை எழுதாமல் இருந்தேன். அந்த ஊரில் ஆஸ்பத்திரிகள் நல்லவை. மகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தாய் இல்லாமல் பெற்றவர்கள் எத்தனையோ பேர்.

தங்கள் மருத்துவர் மறுபடியும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை. பரிசோதனை முடிவதற்குள் விமானத் தேதி தாண்டிவிடுமானால் அதற்கு நான் பொறுப்பல்ல.

இதை எழுதியவன் யார் என்று தாங்கள் யோசிக்கலாம். பெயரைப் போட்டால் ஏதோ பழைய பகை என்று கிழித்துப் போடுவீர்கள். அல்லது என்னை அழைத்துப் பேசுவீர்கள், நான் எங்கே படித்தேன், ஏன் வந்தேன் என்று பேச்சு வேறு பக்கம் போகும். பெயர் இல்லாத கடிதம் என்றால் பதில் எழுத ஆள் இராது, விசாரிப்பது ஒன்றுதான் தங்களுக்கு வழி. கையால் எழுதாமல் கணினிக் கடையில் தட்டச்சு செய்துகொண்டேன். நாளைக் காலை திருச்செந்தூர் போகிறேன். அங்கே கூட்டத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அங்குள்ள தபால் பெட்டியில், அடியில் கையெழுத்து இல்லாமல், இப்படியே போடுவதென்று முடிவு செய்துவிட்டேன்.